எட்டு மூட்டை மண்ணும் ஒரு பேணிக் கஞ்சியும்

மச்சாள்,

இன்று காலை மருமகன் பரந்தன் சந்தியிலிருந்து மாடு கட்டவென்று புதுத் தும்புக் கயிறு ஒன்று வாங்கிவந்து கதிரையில் போட்டுவிட்டுப் போனார். ஆணியில் மாட்டுவோம் என்று தூக்கினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கைகள் தாமாக இறுகிவிட்டன. வலது கை முன்னுக்கு, இடது கை பின்னுக்கு, கயிறு கக்கத்துக்குள். குதிக்கால் இரண்டும் சீமெந்து நிலத்தில் பள்ளம் தேடின. எழுபது கடந்த கிழவி விறாந்தையில் தனியாக ஒரு கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து நிற்பதைப் பேத்தி பார்த்துவிட்டாள்.

"அம்மம்மா, ஆரோட இழுபடுறியள்?"

"உன்ர அம்மப்பாவின்ர தங்கச்சியோட."

"அவா செத்துப்போனாவெல்லோ?"

"செத்தா விட்டிடுவாவோ?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு படிக்கப் போய்விட்டாள். அவளுடைய கொப்பியின் பின்பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைத்தால் சிரி. நீ ஆறாம் வகுப்பு. அந்த ஒரு வகுப்பை எத்தனை வருடம் எனக்குச் சொல்லிக் காட்டினாய் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டு மற்றதை எழுத வராது.

இடம்பெயர்ந்து மல்லாவியில் நாங்கள் எல்லாரும் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழ் இருந்த காலம். உன் அண்ணைக்கு மலேரியாக் காய்ச்சல். அவர் எழும்ப வேண்டும் என்று நான் அம்மாளாச்சிக்கு நேர்ந்து, அடுப்புப் பற்றவைக்காமல் விரதம் இருந்தேன். அன்று பொழுதுபட முன்னம் அவர் போய்விட்டார். செத்தவீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், நீ நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாய்: "விரதம் விரதமெண்டு அடுப்பைப் பத்தவைக்காமல் கிடந்தவள். என்ர அண்ணை ஒரு பேணிக் கஞ்சி கேட்டிருப்பார், இவள் குடுத்திருக்க மாட்டாள்."

கேட்டிருப்பார் என்றாய். அந்த நேரம் நீ அங்கே இருக்கவில்லை. நிவாரணச் சாமான் எடுக்கச் சங்கக்கடை வரிசையில் நின்றாய். காணாததைக் கண்டதுபோல் சொன்னாய். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து நான் உன்னோடு கதைக்கவில்லை. அந்தச் சொல் பொய் என்று உன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும், அதுவரை நானும் சாகக்கூடாது, நீயும் சாகக்கூடாது. எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

சமாதான காலம் வந்து ஊர் திரும்பினோம். மூன்றாம் வாய்க்காலில் என் வயலுக்கும் உன் வயலுக்கும் ஒரே வரம்பு. உன்னவர் முன்னமே போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை; நீ தனியாக ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தாய். காலையில் இருவரும் வரம்பில் எதிரெதிரே வருவோம். நீ வானத்தைப் பார்ப்பாய். நான் வாய்க்காலைப் பார்ப்பேன். மல்லாவியிலிருந்து கணக்குப் பார்த்தால் நாலு வருடம் இப்படி.

அப்போதுதான் வருடப்பிறப்புக்கு விளையாட்டு விழா என்று அறிவித்தார்கள். கல்யாணம் முடித்த பெண்களுக்குக் கயிறிழுத்தல், பக்கத்துக்கு எட்டுப் பேர். எங்களோடு இழுக்க வருவது முல்லைத்தீவுக் கரையோரப் பெண்கள். கரைவலைக் கயிற்றோடு பிறந்து வளர்ந்தவர்கள். மாதர் சங்கத்துக்கு நான்தான் தலைவி. கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற கடைசி ஆளாக யாரை விடுவது என்று கேட்டபோது எல்லாரும் உன்னைச் சொன்னார்கள். உனக்கு இடுப்பு அகலம் என்றார்கள். எனக்கென்ன இடுப்பு இல்லையா? என்னை ஆறாவதாக விட்டார்கள். ஏழாவதாக, நமக்கு நடுவில், அடுத்த வீட்டு ரதி. கல்யாணம் முடித்து ஒரு வருடமும் ஆகாத பெண். எங்கள் இருவரையும் மாமி என்று கூப்பிடுகிறவள். பாவம், அவளுக்குத்தான் வேலை கூட.

"ரதி, உனக்கு முன்னுக்கு நிக்கிறவவிட்டச் சொல்லு, முழங்கையை மடக்கி இழுக்க வேண்டாமெண்டு. உது கிணத்துக் கயிறு இல்லை. காலால தள்ளோணும்."

"பெரிய மாமி, முழங்கையை..."

"எனக்குக் காது கேக்குது. நீ பின்னுக்கு நிக்கிறவவிட்டச் சொல்லு, அவா கத்துற கத்தில கயிறு அறுந்துபோமெண்டு."

"சின்ன மாமி..."

"எனக்கும் கேட்டது பிள்ளை."

முன்னால் நின்ற ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவி மூட்டைகள் தொப்பென்று விழுந்தன.

அந்த மூட்டைகள் உன் யோசனை. இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தால் மரம் அசையாது, எவ்வளவு இழுத்தோம் என்றும் தெரியாது என்று நீதான் சொன்னாய், ரதியிடம். உன் வளவில் பழைய பங்கர் மேல் அடுக்கிக் கிடந்த மண்மூட்டைகளைப் பிரித்தெடுத்தாய். புளியங்கொப்பில் கிணற்றுக் கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு நுனியில் மூட்டைகளைப் பிணைத்தாய். மற்ற நுனியில் நாங்கள் எட்டுப் பேர். மூட்டைகளை நிலத்திலிருந்து கிளப்பி, நீ நூறு எண்ணி முடிக்கும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். முதல் நாள் நாலு மூட்டை. நீ முப்பது எண்ண முன்னம் விட்டுவிட்டோம்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் நொந்தது. அதற்கடுத்த நாள்தான் சனியன். முப்பது வருடம் நாற்று நட்டு அரிவு வெட்டின உடம்பு, இதற்கு என்ன வரப்போகிறது என்று நினைத்திருந்தேன். குந்தினால் எழும்ப முடியவில்லை. தலை இழுக்கக் கை உயரவில்லை. சீப்பை மகளிடம் கொடுத்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தேன். வரம்புக்கு அப்பால் நீ பூவரசங் கதியால் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்துபோனதைக் கண்டேன். கண்டதும் எனக்குப் பாதி நோவு குறைந்தது.

கிழமைக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு நிறை பார்க்கச் சைக்கிளில் வருகிற மருத்துவிச்சி மிஸ்ஸியை மறித்துக் கேட்டோம். ஏதோ நரம்பு பிரண்டுவிட்டது என்று ரதி அழுதுகொண்டு நின்றாள். மிஸ்ஸி என் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவில கிழிஞ்சிருக்கு அம்மா. பயப்பிடாதையுங்கோ. உடம்பு அதைத் தைக்கேக்க முந்தியிலும் பலமாத் தைக்கும்."

கிழிந்தது முன்னையிலும் பலமாகப் பொருந்தும் என்ற அந்தச் சொல் என் மனதில் ஒட்டிக்கொண்டது. எல்லாக் கிழிசலும் அப்படியில்லை என்று, உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நினைத்தேன்.

கையில் முதல் கொப்புளம், பிறகு புண், பிறகு தோல் தடித்துக் காய்த்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிக்கொண்டு படுத்தோம். இரண்டாம் கிழமை ஐந்து மூட்டை. மூன்றாம் கிழமை எட்டு. என் கை பெருத்ததாகத் தெரியவில்லை, எப்படி எட்டு வந்தது என்று மிஸ்ஸியைக் கேட்டேன். சதை வளர மாதக்கணக்கு வேண்டும், அதற்கு முதல் வருவது உடம்பு ஒன்றாக இழுக்கப் பழகுவது என்றார். உண்மைதான். முதலில் எட்டுப் பேரும் எட்டு விதமாக இழுத்தோம். பிறகு நீ கத்துவாய்: "மூச்சை எடு... பிடி... சாய்!" எட்டு நெஞ்சும் ஒரே நேரத்தில் நிரம்பும், எட்டுச் சோடிக் குதிக்காலும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கும். உன்னோடு கதைக்காத நான், உன் குரலுக்கு மூச்சு விட்டேன். நீ எடு என்றால் எடுத்தேன். விடு என்றால் விட்டேன். முதல் கிழமை இழுத்து முடித்தால் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் கிழமை முகம் கழுவி முடிக்க முன்னம் அடங்கிவிட்டது. பசி என்றால் அப்படிப் பசி. நித்திரை என்றால் அப்படி நித்திரை. அவர் போனபிறகு நான் அப்படி நித்திரை கொண்டதில்லை.

அதோடு நின்றிருக்க வேண்டும். எனக்கு ஆசை மூத்துவிட்டது. காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, ஒருநாளும் விடாமல் இழுக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். எட்டு மூட்டை ஏழானது. ஏழு ஐந்தானது. ரதி தொட்டதற்கெல்லாம் அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிய எழும்பும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. அப்போது நீ கயிற்றை நிலத்தில் போட்டாய்.

"ரதி, தலைவியிட்டச் சொல்லு. மாட்டை இண்டைக்கு உழுதா நாளைக்கு அவிட்டு விடுறம். எங்களை ஏன் விடுறேல்லை? படுக்கேக்கதான் உடம்பு தைக்குதெண்டு மிஸ்ஸி சொன்னவா. தைக்கவிடாமல் கிழிச்சுக்கொண்டிருந்தா என்ன மிஞ்சும்?"

"ரதி, சொல்லு அவவிட்ட. களைக்கிறவை வீட்டில படுக்கலாமெண்டு."

நீ போய்ப் படுக்கவில்லை. குனிந்து கயிற்றை எடுத்தாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் கயிறிழுத்தல் செவ்வாய்க்கிழமைக்கு விழுந்தது. அதற்கு முதல் நாள் கடைசிப் பங்குனித் திங்கள். அம்மாளாச்சிக்கு உகந்த நாள். எட்டுப் பேரும் பச்சைத்தண்ணியும் பல்லில் படாமல் விரதம் இருந்து, பின்னேரப் பூசைக்குப் பிறகு ஒரு பழமும் பாலும் மட்டும் எடுப்போம், மற்றதை அவா பார்த்துக்கொள்வா என்று சொன்னேன். ஐந்து பேர் உடனே ஓம் என்றார்கள். ரதி உன்னைப் பார்த்தாள். நீ முதல் முறையாக, ரதியைத் தாண்டி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"அம்மாளாச்சி வந்து கயிறு பிடிப்பாவோ?"

எல்லாரும் வாயைப் பொத்தினார்கள். உன் கண்ணில் நான் கண்டது கயிறு அல்ல, மல்லாவி. திரும்பவும் விரதத்தைச் சொல்கிறாள், திரும்பவும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் சொல்கிறாள் என்று நெஞ்சு கொதித்தது. "விரதத்தில நம்பிக்கை இல்லாதவை கயிறைத் தொட வேண்டாம்" என்றேன்.

நீயும் விரதம் இருந்தாய். பிறகுதான் ரதி எனக்குச் சொன்னாள். "ஏழு பேர் பட்டினி கிடக்க நான் திண்டுபோட்டு வந்தா ஒரே கயிறில நிக்கேலாது பிள்ளை" என்று சொன்னாயாம்.

செவ்வாய்க்கிழமை வெயிலை நினைத்தால் இப்போதும் நாக்கு வறளுகிறது. கரையோரப் பெண்களுக்கு மரியக்கா என்றொரு தலைவி. பனங்குற்றி மாதிரிக் கைகள்.

"வயல்காரர் வாங்கோ! சேத்துக் கை வழுக்கும், கவனம்!" என்றாள்.

"சேத்துக்குள்ள வச்ச காலை நாங்கள் லேசில எடுக்கமாட்டம் அக்கா" என்றாய் நீ.

முதல் இழுவை எங்களுக்கு. வாய்க்கால்காரர் எல்லாரும் கூவினார்கள். இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில்தான் தெரிந்தது. நீ "பிடி" என்றாய், பிடித்தேன். நீ "சாய்" என்றாய். சாய்வதற்கு எனக்குள் ஒன்றும் இருக்கவில்லை. தொடை ஈ மொய்த்த மாட்டுத்தோல் மாதிரித் துடித்தது. கண்ணோரத்தில் கறுப்பாகக் கரை கட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விரலைத் திறக்கவில்லை. அவை தாமாகத் திறந்தன. எனக்குப் பின்னால் ரதி தடுக்கி விழுந்தாள். கயிறு உடம்பில் சுற்றியிருந்த நீ மட்டும் விடமுடியாமல், புழுதியில் பத்தடி தூரம் இழுபட்டுப் போனாய்.

எழும்பி நின்றபோது உன் முழங்கையில் தோல் இல்லை. சனம் ஓடி வந்தது. யாரும் கேட்க முன்னம் நான் சொன்னேன்: "இவ நேரத்துக்குக் கத்தேல்லை."

ஆறாவது இடத்தில்தான் கயிறு விடுபட்டது என்று உனக்குத் தெரியும். கடைசி ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியிருந்தும், தேசிக்காயும் சீனியும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு பேணியில் கொண்டுவந்து நீட்டினாய்.

"மச்சாள், இதைக் குடியுங்கோ."

நாலு வருடத்துக்குப் பிறகு நீ என்னை மச்சாள் என்றாய். நான் வாங்கி நிலத்தில் ஊற்றினேன். மண் குடித்தது. என் நாக்கு பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மிஸ்ஸி என் நாடியைப் பிடித்துக்கொண்டு மெல்லமாகச் சொன்னார். "அம்மா, சாப்பாட்டில இருந்துதான் சதை பலத்தைச் சேர்த்து வைக்கிறது. அரைவாசியை ஓய்வில்லாமல் கரைச்சியள், மிச்சத்தைப் பட்டினியில கரைச்சியள். இந்த வெயிலுக்குத் தண்ணியும் இல்லை. அடுப்பு நல்ல அடுப்பு. விறகு வைக்க மறந்துபோனியள்."

அடுப்பு என்ற சொல் எனக்குச் சுட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் சொன்னார்.

அந்த வருடம் முழுவதும் உன் முழங்கைத் தழும்பை வரம்பில் எதிரே கண்டுகொண்டு நடந்தேன். அறுவடை முடிந்து தை பிறந்தது. ஒருநாள் காலை கௌபிப் பயறு அவித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டு, ஓலைப் பெட்டியில் மூடிக்கொண்டு வரம்புக்குப் போனேன். நீ வைக்கோல் கட்டிய கையைக் கழுவாமல் நிமிர்ந்து பார்த்தாய். பெட்டியை வரம்பில் வைத்தேன். "இந்தமுறை திங்கள் விரதம் இல்லை" என்றேன். "ஒருநாள் இழுக்கிறது, ஒருநாள் படுக்கிறது."

நீ ஒரு கை அள்ளி வாயில் போட்டாய். நிதானமாகச் சப்பினாய். சப்பி முடியும்வரை நான் நின்றேன்.

"உப்புக் காணாது மச்சாள்" என்றாய்.

"நாளைக்குக் கூடப் போடுறன்" என்றேன்.

நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நமது சமாதானம். ரதி மட்டும், "இனி எனக்கு என்ன வேலை?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அந்த முறை உடம்பு எப்படி வளர்ந்தது என்று நினைவிருக்கிறதா? இழுத்த அன்று பின்னேரம் முட்டையும் பயறும், குளத்து விராலும். ஓய்வுநாளில் புளியமரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு கதை. முதலில் நாலு மூட்டை, கடைசியில் பதினொன்று. என் சட்டைக்கை தோளில் இறுகியது. நீ என் மேற்கையை அமுக்கிப் பார்த்து, "இதென்ன மச்சாள், கொய்யாக்காய் மாதிரி" என்றாய். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு வெட்கம் வந்தது. தொடுவதற்கு எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

கடைசித் திங்கள் அன்று மற்றவர்கள் தயங்கினார்கள். "நேர்த்தியை வருசப்பிறப்புக்குப் பிறகு தீர்ப்பம், அவா எங்கையும் போகமாட்டா" என்று சொல்லி முதல் கவளத்தை எல்லாரும் பார்க்க நானே வாயில் வைத்தேன். அடுத்த நாள் இரண்டு இழுவையிலேயே மரியக்காவைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் கொண்டுவந்தோம். அவள் வந்து உன்னைக் கட்டிப்பிடித்து, "எடி, என்னத்தைத் திண்டனீங்கள்?" என்று கேட்டாள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சில்வர் பேணி பரிசு தந்தார்கள். அடியில் நெளிந்ததை எனக்குத் தள்ளிவிட்டு நல்லதை நீ எடுத்தாய். அதையும் நான் மறக்கவில்லை.

அதன்பிறகு ஐந்து வருடம் நாம் எல்லாம் கதைத்தோம், மச்சாள். நெல், வாய்க்கால், ரதியின் பிள்ளை, கடல் வந்து மரியக்காவின் ஊரை எடுத்தது, எல்லாம். உன் அண்ணையைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. அந்தச் சொல்லை நீயாகத் திருப்பி எடுப்பாய் என்று காத்திருந்தேன். கௌபி அவித்தது நான். சொல்ல வேண்டியது நீ. அப்படித்தான் கணக்காக நினைத்திருந்தேன்.

பிறகு சண்டை வந்து திரும்பவும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. மாரி மழை. உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனோம். ஒரு பள்ளத்தில் சில்லு புதைந்துவிட்டது. பின்னால் எத்தனை குடும்பம் வரிசையில் நின்றது! நீ பெட்டிக்குள் கையை விட்டுப் பழைய கயிற்றை இழுத்தெடுத்தாய். நானும் நீயும் மகளும் மருமகனும், யாரென்று தெரியாத நாலு பெண்களும். பயிற்சி விட்டு ஐந்து வருடம். விட்டால் பலம் போய்விடும் என்று மிஸ்ஸி சொன்னது சரி, பலம் போய்த்தான் இருந்தது. முறை போகவில்லை. "மூச்சை எடு... பிடி... சாய்!" உன் குரல் மழைக்குள் வந்தது. முன்பின் தெரியாத அந்த நாலு பெண்களும் உன் குரலுக்கு மூச்சு எடுத்ததைப் பார்த்தேன். சில்லு கிளம்பியது. முகமெல்லாம் சேறு அடித்துக்கொண்டு நீ சிரித்தாய். நான் உன்னைக் கடைசியாகச் சிரிக்கக் கண்டது அதுதான்.

கடற்கரை மணலில் தறப்பாளுக்குக் கீழ் இருந்த அந்த மாதங்களைப் பற்றி நான் அதிகம் எழுதமாட்டேன். ஒன்று மட்டும். சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும் என்று அங்கேதான் கண்டேன். புளியமரத்தடியில் மாதக்கணக்கில் நாம் கட்டியதை அது நாளுக்கு நாள் அவிழ்த்தது. உன் மேற்கையை என் பெருவிரலும் சுட்டுவிரலும் சுற்றிப் பிடித்தன. காய்ச்சல் வந்தது. வயிற்றோட்டம் வந்தது. கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெயிலில் போய் வரிசையில் நின்று, என்னுடைய நெளிந்த பேணியில் ஒரு பேணி வாங்கி, கையால் மூடிக்கொண்டு வந்தேன். உன் தலையைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

"நீங்கள் குடிச்சியளோ மச்சாள்?"

"ஓம்."

"பொய். உங்கட வாய் காஞ்சு கிடக்கு." இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பேணியை என் பக்கம் தள்ளினாய். "மிச்சம் உங்களுக்கு. ஒராள் பட்டினியெண்டா கயிறு நிக்காது."

குடித்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்.

"மல்லாவியில நான் சொன்னது பொய் மச்சாள். அண்ணை கேட்டிருக்க மாட்டார். கேட்டா நீங்கள் குடுத்திருப்பியள். எனக்கு அழ இடமில்லை, உங்களில வச்சு அழுதனான். மனசில வச்சிருக்காதையுங்கோ."

பத்து வருடமாக நான் கேட்டுக் காத்திருந்த சொல். உன் வாயாலேயே வந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. உன் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் வெயில் ஏற முன்னம் நீ போய்விட்டாய். மணலில் வைத்துவிட்டு நடந்தோம்.

இதை எழுதத்தான், மச்சாள், பேத்தியின் கொப்பியை எடுத்தேன். கயிறு ஒரு சாட்டு.

உன் அண்ணை கேட்டவர்.

அன்று மத்தியானம் கண் திறந்து, "இஞ்சேர், கஞ்சி கொஞ்சம் இருந்தாத் தா" என்று கேட்டவர். "பொழுதுபடட்டும், விளக்கு வச்சிட்டுக் காய்ச்சிறன்" என்று சொன்னேன். விரதத்தை முறித்தால் அவர் உயிருக்கு ஆகாது என்று பயந்தேன். பாதி பயம். பாதி என் பிடிவாதம். பொழுதுபடும்வரை அவர் பொறுக்கவில்லை. நீ காணாமல் சொன்னது முழுக்க உண்மை. அது உண்மையாக இருந்தபடியால்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ அதைப் பொய் என்று சொல்லிவிட்டுச் செத்தாய். நான் வென்றுவிட்டேன். அந்த வெற்றியைப் போல் பாரமான மூட்டையை நான் ஒருநாளும் தூக்கவில்லை. உன் தலை என் மடியில் இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ தலையில் அடித்து அழுதிருப்பாய், திரும்பவும் நாலு வருடம் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பாய். அந்த நாலு வருடமும் நீ உயிரோடு இருந்திருப்பாய் என்றால், வரம்பில் வானத்தைப் பார்த்துக்கொண்டு என்னைக் கடந்து போயிருப்பாய் என்றால், அதற்காக நான் எதையும் தருவேன்.

உன் திவசத்துக்கு நான் விரதம் பிடிப்பதில்லை. ஊர் என்னவும் சொல்லட்டும். காலையிலேயே கௌபி அவித்து, உப்புக் கூடப் போட்டுச் சாப்பிடுகிறேன்.

இன்று பங்குனித் திங்கள். மகள் கோயிலுக்குப் போய்விட்டாள், அவள் பின்னேரம்தான் சாப்பிடுவாள். நான் மத்தியானத்துக்குக் கஞ்சி வைத்திருக்கிறேன், குசினியில் கொதிக்கிற சத்தம் கேட்கிறது. நெளிந்த பேணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஊற்றி முதலில் உன் அண்ணையின் படத்துக்கு முன்னால் வைப்பேன். பொழுதுபடும்வரை அல்ல, இப்போதே. பிறகு நானும் குடிப்பேன்.

கதிரையை விட்டு எழும்ப வேண்டும். முழங்கால் மாட்டேன் என்கிறது. மகளுக்குத் தெரியாது, நான் எழும்புகிற ஒவ்வொரு முறையும் உன் குரலுக்குத்தான் எழும்புகிறேன் என்று.

மூச்சை எடுத்துவிட்டேன், மச்சாள். பிடித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லு.